போசாக்குக் கருத்தரங்கு என்று போனேன், பவுடர் டின்னோடு திரும்பினேன்

உவர்மலைத் தாதி | வெள்ளி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் 14 வருடமாகத் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். வேலை பெரும்பாலும் மெடிக்கல் கிளினிக்கில்தான். சீனி, பிரஷர், சிறுநீரகம் என்று விடிய ஆறு மணிக்கே வந்து வரிசையில் இருக்கும் சனம். டொக்டருக்கு ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். "மிஸ், நான் என்ன சாப்பிடலாம்?" என்ற கேள்வி எப்போதும் எங்கள் மேசைக்குத்தான் வரும்.

எனக்குத் தெரிந்தது 2000ஆம் ஆண்டுக் கையேட்டில் இருக்கிற போசாக்கு. அதனால்தான் போன மாதம் ஒரு கடற்கரை ஹோட்டலில் ‘போசாக்கும் ஒருங்கிணைந்த சுகாதாரப் பராமரிப்பும்’ என்று ஒரு நாள் கருத்தரங்கு வைக்கிறார்கள் என்றதும் லீவு போட்டு, 3500 ரூபா கட்டிப் போனேன். காலை முழுக்க ஆங்கிலம். ஸ்லைடில் கினோவா, கேல், புளூபெரி. பக்கத்தில் இருந்த மிட்வைஃப் தங்கச்சி என் காதுக்குள், "அக்கா, கேல் என்றால் நம்ம முருங்கையிலை மாதிரியா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தால் காலையில் பேசிய அதே ஆள், அதே மைக், ஆனால் முன்னால் மேசை நிறையப் புரதப் பவுடர் டின். இன்றைக்கே ஓடர் கொடுத்தால் 15 வீதம் கழிவாம். சான்றிதழில் கம்பனியின் இலச்சினை என் பெயரைவிடப் பெரிது. ஒரு சாம்பிள் டின்னும் தந்து அனுப்பினார்கள். மகன் பால்மா என்று நினைத்து தேத்தண்ணிக்குள் போட்டுவிட்டான், அது வேறு கதை.

என் கேள்வி இதுதான்: தமிழில், நம்ம ஊர்ச் சாப்பாட்டை வைத்து, இங்கிலீஷ் மருந்துக்காரரும் தமிழ் மருந்துக்காரரும் ஒன்றாக இருந்து படிக்கிற மாதிரி இந்தப் பக்கம் எங்காவது நடக்கிறதா? இல்லையென்றால் நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

நிலாவெளிக் காற்று | வெள்ளி, இரவு 9.40

சாப்பாடு எப்படி? புஃபேயா? 😄

உவர்மலைத் தாதி | வெள்ளி, இரவு 9.44

வெள்ளைச் சோறு, பொரித்த கோழி, கடைசியில் வட்டிலப்பம். நீரிழிவு அமர்வுக்குப் பிறகு.

மூலிகைத் தோட்டம் | வெள்ளி, இரவு 10.55

தங்கச்சி, நான் சித்த வைத்தியன். நீங்கள் சொல்கிற கருத்தரங்கு எது என்று தெரியவில்லை, ஆனால் அதே மாதிரி ஒன்றுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்ற முதலில் கூப்பிட்டார்கள், பேசக் கடைசியில் கூப்பிட்டார்கள். தலைப்பு ‘நமது பாரம்பரியம்’, நேரம் 15 நிமிடம். நான் எழும்பும்போது பாதிக் கதிரை காலி.

கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. கப்பல்துறையில் ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. 1961இல் வந்த ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்டுதான் நாங்கள் தொழில் செய்கிறோம். அப்படியிருந்தும் என்னிடம் வருகிற நோயாளி கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார். உங்களிடம் வரும்போது என் சீட்டை ஒளித்து வைக்கிறார். உடம்பு ஒன்று, கொப்பி இரண்டு.

இதில் என் பிழையையும் சொல்லவேண்டும். சில வருடத்துக்கு முன் ஒரு பெரியவர் உடம்பு சூடு, கால் எரிவு என்று வந்தார். காலையில் இலைக்கஞ்சி, பின்னேரம் இளநீர் என்று சொல்லி அனுப்பினேன். சிறுநீரகம் பழுதாகி கிளினிக் போகிறவர் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 100 மில்லிலீற்றர் இளநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், அவருடையது தள்ளாது. மூன்றாம் கிழமை கால் தளர்ந்து வார்டில் சேர்ந்தார். தப்பிவிட்டார். அதன்பிறகு கிரியேற்றினின் துண்டு (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை முடிவு) பார்க்காமல் கஞ்சியைப் பற்றிக்கூட நான் வாய் திறப்பதில்லை. இப்படியான கதைகளைப் பேசுகிற கூட்டம் என்றால் நான் காசு கட்டி வருவேன்.

பழைய ஸ்டெதஸ்கோப் | சனி, காலை 6.20

நான் ஓய்வுபெற்ற ஆர்.எம்.ஓ. (அரச வைத்திய உத்தியோகத்தர்). ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சொறி வரும். மேலே வைத்தியர் நேர்மையாக எழுதியிருக்கிறார், அதற்கு மரியாதை. ஆனால் இந்தக் கூட்டங்களில் நடப்பது என்ன? ஒருவரையொருவர் புகழ்ந்து மாலை போடுவது. எதற்கு ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஒருவரும் கேட்பதில்லை, கேட்டால் மனம் நோகுமாம்.

2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. இணையத்தில் விற்கிற ஆயுர்வேத மருந்துகள் 193ஐ வாங்கிச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆசனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. உலோகம் சேர்த்துச் செய்கிற ரச மருந்து வகையில் 40 வீதத்துக்கு மேல். இதைச் சொல்லாத ஒருங்கிணைப்பு எனக்கு வேண்டாம்.

மூலிகைத் தோட்டம் | சனி, காலை 7.02

ஐயா, அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. பற்பமும் செந்தூரமும் (உலோகத்தையும் தாதுவையும் புடமிட்டுச் செய்கிற பொடிகள்) முறைப்படி முடித்ததா என்று தெரியாமல் கடையில் வாங்கிக் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் என்ன கொடுத்தேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அதை எங்கள் ஆட்களுக்கு நானே சொல்லிச் சண்டை பிடித்திருக்கிறேன்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். கோதல ஹிம்புட்டு என்ற மூலிகைக் கொடியின் மரத்தில் செய்த கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதைச் சனம் கனகாலமாகச் செய்கிறது. அதையே தேயிலை மாதிரிப் பைக்குள் போட்டு, போலி மருந்தோடு ஒப்பிட்டு, இலங்கையிலேயே 51 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். சீனி அளவு குறைந்திருந்தது. மாவுச்சத்தை உடைக்கிற நொதியை அது தடுக்கிறது என்பது காரணம். ஆகவே ஆதாரம் தேடுகிற வேலை நடக்காமலில்லை. நடக்கிறது என்பதே எங்கள் இரண்டு பக்கத்துக்கும் தெரியாது.

பழைய ஸ்டெதஸ்கோப் | சனி, காலை 7.15

51 பேர் சின்ன எண்ணிக்கை. ஆனாலும் சரி, எழுதி வைத்துக்கொள்கிறேன்.

கடைசிக் கவுண்டர் | சனி, காலை 11.30

பார்மசியில் நிற்கிறேன், அதனால் இரண்டு பக்கத்துச் சீட்டும் என் கைக்கு வரும். நான் பார்க்கிற சிக்கல் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, எல்லாம் சின்னச் சின்னது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிக்கிறவருக்கு யாரோ "கீரையே தொடாதே" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் ஆறு மாதம் தொடாமல் இருந்து, ரத்தப் பரிசோதனையும் அதற்கேற்றபடி சரிவந்த பிறகு, மகள் ஊரிலிருந்து வந்து தினமும் முருங்கையிலைச் சுண்டல் செய்து கொடுப்பாள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் அளவு) இறங்கிவிடும். கீரையை நிற்பாட்டச் சொல்வதைவிட, கிழமைக்குக் கிழமை ஒரே அளவில் சாப்பிடச் சொல்வதுதான் முறை. அப்புறம் அதிமதுரம். இருமலுக்கு நல்லதென்று மாதக்கணக்கில் குடிப்பார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும். நீர் போகிற குளிசையும் சேர்ந்து போட்டால் இன்னும் மோசம். சீனியைக் குறைக்கிற கிளிக்ளசைட் குளிசை போடுகிறவர் காலையில் பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டுச் சாப்பாட்டையும் பிந்தினால் பஸ்ஸுக்குள்ளேயே வியர்த்து விழுவார். இன்னொரு சீனிக் குளிசையான மெட்ஃபோர்மின் வருடக்கணக்கில் போடுகிறவருக்கு பி12 குறையலாம், கால் விறைப்பென்றால் எல்லாம் சீனி நரம்பு என்று விட்டுவிடுகிறோம்.

இதில் ஒன்றைக்கூட எனக்கு ஒரு கருத்தரங்கில் சொல்லித் தரவில்லை. பவுடரைப் பற்றி மூன்று கருத்தரங்கு போயிருக்கிறேன்.

மட்டுறுத்துநர் | சனி, பகல் 12.05

ஹோட்டல், கம்பனி, வைத்தியசாலைப் பெயர்களைப் போடாமல் பேசுவதற்கு நன்றி. அப்படியே தொடருங்கள்.

கிண்ணியா மிட்வைஃப் | சனி, இரவு 8.48

தாதி அக்கா, கேல் கேட்ட தங்கச்சி நான் இல்லை, ஆனால் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

எங்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் மாதாந்தக் கூட்டம் இருக்கிறது, படிப்பிக்கிறார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் அங்கே படிப்பது புத்தகத்தின் கோப்பை, வீட்டில் இருப்பது வேறு கோப்பை. விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு கர்ப்பிணித் தாய்க்கு இரும்புச்சத்துக் குளிசை, ஃபோலிக் அசிட், விற்றமின் சி, கல்சியம், திரிபோஷா சத்துமா எல்லாம் கொடுக்கிறோம். அப்படியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. மூன்று மாதம் "ஒழுங்காகக் குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன், "குடிக்கிறேன்" என்றா. பொய் இல்லை. ஒரு நாள் இரவு எட்டு மணிபோல வேறு வேலையாக அவட வீட்டுப் பக்கம் போனேன். சாப்பிட்டு முடித்து, குளிசையை நாக்கில் வைத்து, அப்படியே சாயம் கூடின பிளேன்டீயைக் குடித்து விழுங்கினா. கல்சியமும் அதே கையில். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கல்சியமும் போட்டிக்கு நிற்கும். "தண்ணியோடு குடிங்க" என்று நான் சொல்லவே இல்லை, ஏனென்றால் குளிசையைத் தண்ணியோடுதானே குடிப்பார்கள் என்று நினைத்தேன். கல்சியத்தைக் காலைக்கு மாற்றி, இரவுக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணியோடு குடிக்கச் சொல்லி, பிளேன்டீயை ஒரு மணித்தியாலம் தள்ளச் சொன்னேன். அடுத்த பரிசோதனையில் ஏறியிருந்தது.

நோன்புக் காலம் இன்னொன்று. எங்கள் பக்கம் சீனி வருத்தக்காரர் பாதிப்பேர் யாருக்கும் சொல்லாமலே நோன்பு பிடிப்பார்கள். காலைக் குளிசையை சஹருக்கும், இரவுக் குளிசையை நோன்பு திறக்கிற நேரத்துக்கும் தாங்களாகவே மாற்றிக்கொள்வார்கள். றமழானுக்கு 6 முதல் 8 கிழமைக்கு முன்பே ஆளைப் பார்த்து மருந்தளவை மாற்றிக்கொடுக்கவேண்டும், சீனி 70க்குக் கீழே போனால் அல்லது 300க்கு மேலே போனால் நோன்பை விடவேண்டும் என்று சர்வதேச வழிகாட்டலே இருக்கிறது. அதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, பள்ளிவாசலில் ஹஸ்ரத் சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் "பிள்ளை, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்பார்கள். கருத்தரங்குக்கு ஹஸ்ரத்மாரையும் கூப்பிடவேண்டும் என்பது என் கட்சி.

சாம்பல்தீவுப் பிள்ளை | ஞாயிறு, அதிகாலை 4.17

எனக்கு இங்கே ரொறன்ரோவில் சனி பின்னேரம், நேரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான் டயட்டீஷியன். ஒன்ராரியோவில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பட்டம். ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் பவுடர் ஆள் எந்தப் பட்டத்தைப் போட்டிருந்தார் என்று பார்த்தீர்களா அக்கா?

இங்கே எங்களுக்குத் தொடர்கல்வி கட்டாயம், அதனால் இது பெரிய வியாபாரம். ‘ஒருங்கிணைந்த’, ‘ஃபங்ஷனல்’ என்று பெயர் வைத்த மாநாடுகள் பெரிய ஹோட்டல்களில் நடக்கும். நல்லதும் இருக்கு, குப்பையும் இருக்கு. ஒன்றில் 200 வகைச் சாப்பாட்டுக்கு ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்து ‘உங்களுக்கு இது ஒத்துவராது’ என்று சொல்கிற சோதனையை விற்றார்கள். ஐரோப்பிய ஒவ்வாமைச் சங்கம் 2008இலும் கனடியச் சங்கம் 2012இலும் அந்தச் சோதனையைச் செய்யவேண்டாம் என்று எழுதிவிட்டன. ஐ.ஜி.ஜி. இருந்தால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் அங்கே வரிசை.

அமெரிக்காவில் மருத்துவத் தொடர்கல்விக்கு அங்கீகாரம் கொடுக்கிற சபை 2020 கடைசியில் புது விதி கொண்டுவந்தது. பொருள் விற்கிற கம்பனி பாடத்தின் உள்ளடக்கத்தில் கை வைக்கக்கூடாது, பேச்சாளர் யாரிடம் காசு வாங்குகிறார் என்று முதலிலேயே சொல்லவேண்டும், விற்பனையும் வகுப்பும் ஒன்றாக நடக்கக்கூடாது. குழந்தை உணவுக் கம்பனிகள் சுகாதாரப் பணியாளர் கூட்டங்களுக்கு அனுசரணை கொடுக்கவே கூடாது என்பதை 2016இல் உலக சுகாதாரப் பேரவைக்கு முன்வைத்த வழிகாட்டல் சொல்கிறது. கிண்ணியா அக்கா, உங்கள் கூட்டங்களுக்கு பால்மாக்காரர் பேனா கொடுக்க வந்தால் இதைச் சொல்லுங்கள்.

காசு கட்டுவதற்கு முன்பு ஏற்பாட்டாளருக்கு ஒரு போன் எடுத்து, தேத்தண்ணிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் பதிலுக்குத் தடுமாறினால் வீட்டில் நித்திரை கொள்ளலாம்.

தம்பலகாமத்தான் | ஞாயிறு, காலை 9.33

நான் மருத்துவத் துறை இல்லை, வயல்காரன். எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பாவுக்குச் சீனி. யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று காமரங்கா ஆறு ஏழு பழத்தை அடித்து, வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ், நாலைந்து நாள். முதலில் விக்கல் வந்தது. சாதாரண விக்கல் என்று அம்மா சீனி கொடுக்கப் பார்த்து, சீனி வருத்தக்காரன் என்று நிற்பாட்டி, தண்ணி கொடுத்தா. இரண்டு நாள் விடாமல் விக்கல். பிறகு சத்தி, மூத்திரம் குறைந்தது. ஆஸ்பத்திரியில் குளிசை எல்லாம் கேட்டார்கள், சாராயம் குடிப்பாரா என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு சின்ன வயசு டொக்டர் வந்து, "ஐயா, காமரங்கா ஏதும் குடிச்சீங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஆளையாள் பார்த்தோம். இரண்டு தரம் டயலிசிஸ் செய்து ஆள் தப்பினார்.

அதுவரைக்கும் அது மருந்து என்றோ நஞ்சு என்றோ நாங்கள் நினைக்கவில்லை, பழம்தானே. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்போம்.

பழைய ஸ்டெதஸ்கோப் | ஞாயிறு, காலை 10.10

தம்பி, எழுதியதற்கு நன்றி. காமரங்காவில் ஒக்ஸலேற்று அதிகம், அது சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். நரம்பைத் தாக்குகிற நச்சும் இருக்கிறது, அந்த விக்கல் அதனால்தான். வெறும் வயிறும் சாறும் சேர்ந்தால் உடம்பில் ஏறுவது கூடும். பிலிங்காயும் அதே இனம். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவருக்கு ஒரு பழமே ஆபத்து. பதவிசிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருக்கிற மாவட்டத்தில் இதைச் சுவரில் எழுதி ஒட்டவேண்டும்.

நான் 34 வருடம் வேலை செய்தேன். "வேறு என்ன குடிக்கிறீர்கள்?" என்று ஒழுங்காகக் கேட்டதில்லை. கேட்டால் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். சரி, தாதி, கூட்டம் வையுங்கள். வருகிறேன்.

உவர்மலைத் தாதி | ஞாயிறு, இரவு 9.05

எல்லாருடைய பதிலையும் இரண்டு தரம் வாசித்தேன். கூட்டத்தை வைப்போம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு பின்னேரம் 2 மணி. ஒரு தெரிந்தவரின் டியூஷன் கொட்டில் கிடைக்கும், மின்விசிறி இரண்டு. அனுசரணை இல்லை, ஆளுக்கு 200 ரூபா, தேத்தண்ணிக்கும் போட்டோக்கொப்பிக்கும். ஸ்லைட் இல்லை. மூன்று நோயாளிக் கதை, பெயர் ஊர் இல்லாமல்: இளநீர்க்காரர், இரும்புக் குளிசைத் தாய், காமரங்கா அப்பா. தம்பலகாமத்தான் விரும்பினால் தானே வந்து சொல்லட்டும், நாங்கள் சொல்வதைவிட அதுதான் நல்லது. கந்தளாயிலிருந்து இரண்டு சிங்களத் தாதிமார் வரக் கேட்கிறார்கள், கடைசிக் கவுண்டர் மொழிபெயர்ப்பார் என்று நினைக்கிறேன் (கேட்காமலே எழுதிவிட்டேன், மன்னிக்கவும்).

இன்னொன்று. ஒவ்வொருவரும் வீட்டில் இரவுக்குச் சாப்பிடுகிற கோப்பையையும், அதில் வழமையாகப் போடுகிற அளவு சோறு அல்லது பிட்டையும் டப்பாவில் கொண்டுவாருங்கள். நிறுத்துப் பார்ப்போம்.

கடைசிக் கவுண்டர் | ஞாயிறு, இரவு 9.20

சிங்களம் சமாளிப்பேன். ‘பத்தியம்’ என்பதற்கு மட்டும் வைத்தியர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

உவர்மலைத் தாதி | ஞாயிறு, இரவு 8.30 (ஐந்து கிழமை கழித்து)

வராதவர்களுக்காக. 26 பேர் வந்தார்கள், கதிரை 20. ஹஸ்ரத் ஒருவர் வந்தார், நோன்புத் தாளை வாசித்து இரண்டு சொல்லைத் திருத்தித் தந்தார். ஐ.என்.ஆர். கதையில் சண்டை வந்தது, தீரவில்லை, அடுத்த தரத்துக்கு வைத்திருக்கிறோம்.

நிறுத்துப் பார்த்ததுதான் கலகலப்பு. "ஒரு கோப்பைச் சோறு" என்று நாங்கள் கிளினிக்கில் சொல்வதற்கு, வந்த டப்பாக்களில் ஆகக் குறைந்தது 180 கிராம், ஆகக் கூடியது 520 கிராம். அவித்த சோறு 100 கிராமில் 28 கிராம்போல மாவுச்சத்து என்று பார்த்தால் 520இல் ஏறக்குறைய 145 கிராம், ஒரு நேரத்துக்கு. அந்த 520 யாருடையது என்று நான் சொல்லமாட்டேன்.

பழைய ஸ்டெதஸ்கோப் | ஞாயிறு, இரவு 8.41

என்னுடையதுதான். மனைவி போட்டுத் தந்தது. சிவப்பரிசி, பரவாயில்லை என்று நினைத்திருந்தேன்.

மூலிகைத் தோட்டம் | ஞாயிறு, இரவு 9.15

ரப்பர் முத்திரை இரண்டு செய்யக் கொடுத்துவிட்டேன், பிரதான வீதியில் ஒன்று 650 ரூபா. தாதியுடையதில் ‘வேறு மருந்து, கசாயம், சாறு: ______’, என்னுடையதில் ‘இங்கிலீஷ் மருந்து, கிரியேற்றினின்: ______’. புதனுக்குக் கிடைக்கும்.

கிண்ணியா மிட்வைஃப் | ஞாயிறு, இரவு 9.22

எனக்கும் ஒன்று அடிச்சு வையுங்க ஐயா. காசு அடுத்த கூட்டத்தில் தாறேன். தராசு என் பையோடு வந்துவிட்டது, யாருடையது?